மறைத்த வீடு

நூலகத்தில் நடந்த இணையப் பாதுகாப்பு வகுப்பில், நோலீன் கிராப் எப்போதோ வலையில் போட்டிருந்த ஒரேயொரு ரோஜாச் செடிப் படத்தை வைத்துக்கொண்டு, அவளுடைய தெரு, கதவு எண், அவள் தனியாக இருப்பது வரை பத்தே நிமிடத்தில் புட்டுப் புட்டு வைத்துவிட்டார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. நோலீன் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலையே, இணையத்தில் தெருத்தெருவாகப் படம் காட்டும் வரைபட நிறுவனத்துக்கு எழுதி, தெருப் படத்தில் தன் வீட்டை மறைக்கச் சொன்னாள். ஒரே வாரத்தில் மறைத்துவிட்டார்கள். தீவு நகரமான பர்னியின் அந்தச் சரிவுத் தெருவில் எல்லா வீடும் பளிச்சென்று தெரிய, அவள் வீடு மட்டும் சாம்பல் மூட்டமாக நின்றது.

பக்கத்து வீட்டு க்ளைவ் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன நோலீன், உள்ள பொணம் கிணம் பொதச்சு வச்சிருக்கியா?"

"விளையாடாதே க்ளைவ்!"

"நானா கேக்கறேன்? நெட்ல ஊரே கேக்குது. உன் வீட்டுக்குன்னே தனியா ஒரு பக்கம் ஓடுது, போய்ப் பாரு."

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒருவன் கொலை என்றிருந்தான். ஒருத்தி பேய் என்றிருந்தாள். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று நோலீன் பொய்ப்பெயரில் எழுதினாள். உனக்கெப்படித் தெரியும் என்று நாற்பது பேர் பாய்ந்தார்கள். பயந்துபோய், அது வெறும் காலி வீடு என்று மாற்றி எழுதினாள்.

சனிக்கிழமை மூன்று கார்கள் வந்து நின்றன. காலி வீடுதானே என்று ஒரு பெண் தோட்டத்துக்குள் நுழைந்து, சமையலறை ஜன்னலில் மூக்கை ஒட்டினாள். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த நோலீனைப் பார்த்து அலறினாள்; அலறியபடியே போனில் ஒரு படமும் எடுத்தாள். நோலீனும் அலறினாள். அந்தப் படம் சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கச் சுற்றி, நோலீன் ஊரறிந்த பேயானாள்.

திங்கட்கிழமை காலை நிறுவனத்துக்குப் போன் போட்டாள்.

"மறைச்சதை எடுத்துடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். பழையபடி தெரிஞ்சாலே போதும்."

"நீங்க மட்டும் சொன்னா முடியாதுங்க," என்றாள் எதிர்முனைப் பெண். "உங்க முகவரியிலேருந்து ரெண்டு விண்ணப்பம் வந்திருக்கு."

"ரெண்டா? நான் ஒண்டியாத்தானே இருக்கேன்!"

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"வீட்டை மறைக்கச் சொன்னது நீங்க. மாடி ஜன்னல்ல தன் முகம் தெரியுது, மறைச்சுடுங்கன்னு உங்களுக்கும் முந்தியே ஒருத்தர் எழுதியிருக்காரே, அவரைக் கொஞ்சம் கீழ கூப்பிடுறீங்களா?"