துரைக்கும் எனக்கும் ஒரே தலையணை உறை

இந்த வீட்டில் இனி ஒரே ஒரு ஆண்பிள்ளைதான் இருக்கலாம் என்று முடிவு கட்டினேன். ஒன்று நான், இல்லை துரை. துரை என் மனைவி வளர்க்கும் கடுவன் பூனை.

காரணம் இருக்கிறது. எனக்கு முழங்கால் மூட்டை மாற்றி வைத்துப் பத்து வாரம் ஆகிறது. டாக்டர் அப்போதே எச்சரித்தார். பூனை பிறாண்டினாலோ, காயத்தை நக்கினாலோ அதன் கிருமி ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் குடியேறிவிடலாம், அப்புறம் முட்டியைத் திரும்பத் திறக்க வேண்டிவரும் என்றார். துரையை அனுப்ப நல்ல சாக்குக் கிடைத்ததில் எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். மனைவி அசரவில்லை.

"அவன் பாட்டுக்கு அவன் இருப்பான். நீங்க பாட்டுக்கு நீங்க இருங்க."

அச்சகக்காரர் ஒருவர் எலித் தொல்லையில் இருந்தார். துரையைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மனைவி வேலைக்குப் போனதும் என் தலையணை உறையைக் கழற்றிக்கொண்டு துரையை நெருங்கினேன். கெஞ்சினேன், கொஞ்சினேன், கடைசியில் அமுக்கினேன். துரை பீரோ மேல் ஏறிக்கொண்டான். என் முழங்கையில் மூன்று சிவப்புக் கோடு.

மதியமே மனைவி வந்து நின்றாள்.

"வீட்டுக்குள்ள எதுக்குங்க முழுக்கைச் சட்டை?"

"குளிருது."

"ஃபேன் அஞ்சுல ஓடுது."

"காத்து வரட்டுமேன்னு."

"தலையணை உறை?"

"துவைக்கலாம்னு கழட்டினேன்."

"கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல முதல் தடவையா?"

பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தாள், சுடுகிறதா என்று.

"பத்து வாரமா உங்களைக் கையைப் பிடிச்சு நடத்திட்டு வரேன். மறுபடி அந்த ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உட்கார என்னால முடியாதுங்க."

சட்டைக்கையைச் சுருட்டிவிட்டேன். அவள் திட்டவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினாள், டாக்ஸி பிடித்தாள்.

டாக்டர் மருந்து வைத்து மாத்திரை எழுதினார். "உடனே வந்தது நல்லதாப் போச்சு. முட்டி வலிச்சாலோ வீங்கினாலோ அன்னிக்கே ஓடி வாங்க."

இதுதான் சமயம் என்று, "டாக்டர், அந்தப் பூனையை வீட்டை விட்டே..." என்று ஆரம்பித்தேன்.

"அதுவா வந்து பிறாண்டிச்சா?"

நான் மேஜையைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

"உறைக்குள்ள போடப் பார்த்தேன்."

"அப்ப பூனை மேல தப்பில்லையே. காயம் ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் தனித்தனி ரூம்ல இருங்க."

திரும்பும்போது கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அச்சகக்காரர் போன் பண்ணினாரு, பூனை என்ன சாப்பிடும்னு கேட்டு. அதான் பாதி நாள் லீவு போட்டுட்டு ஓடி வந்தேன்."

"சரி, துரையை எந்த ரூமுக்கு அனுப்பப் போறே?"

"அவன் எதுக்குப் போகணும்? இடம் மாறினா அவனுக்குத் தூக்கம் வராது."

இப்போது பின்னறையில், உறையில்லாத தலையணையில் படுத்திருக்கிறேன். அரைமணி நேரம் கெஞ்சியும் நுழையாத அந்த உறைக்குள், முன்னறைக் கட்டிலில், துரை தானாகவே புகுந்து தூங்குகிறான்.