பேட்டன்ட்காரரும் ஒரு கூறு கறியும்

உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காததையெல்லாம் கண்டுபிடித்தவர் எங்கள் முதலாளி. மற்றவர்கள் கண்டுபிடித்து முடித்ததையும் விடாமல் மறுபடி கண்டுபிடித்தார். சின்னமனூரில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பேட்டன்ட்காரர் என்றால் பஸ்ஸை நிறுத்தியே இறக்கிவிடுவார்கள். நான் அங்கே காயில் சுற்றுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பேச்சும் அதிகம் வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

பேட்டன்ட் என்றால் என்ன என்று அவர் எனக்கு விளக்கியது இப்படி: ஒரு பொருளைச் செய்ததும் அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில் ‘பேட்டன்ட்’ என்று எழுதிவிட வேண்டும். பெயின்ட் காய்ந்ததும் அது சட்டம். இதற்காக எந்த ஆபீசுக்கும் அவர் போனதில்லை. சாப்பாட்டுத் தூக்குவாளியில்கூட எழுதியிருந்தார். அதன் மூடியைத் திறக்கும் விதம் அவருடைய யோசனையாம்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு கிளி விரட்டி. பழைய சீலிங் ஃபேன் மோட்டாரில் சிடி தட்டுகளைக் கட்டி, திராட்சைப் பந்தலுக்கு மேலே சுற்றவிட்டார். பக்கத்துத் தோட்டத்துத் தங்கராசு அதேபோல் ஒன்று செய்து மாட்டிவிட்டார். பேட்டன்ட்காரர் என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“ஏலே தங்கராசு, என் மண்டையில உதிச்சது உன் பந்தல்ல எப்படிடா சுத்துது?”

“கோவப்படாதீகண்ணே. அதுக்குக் கிளி எங்க பயப்படுது? கண்ணாடி பாத்துட்டு, பழத்தையும் தின்னுட்டுல்ல போகுது.”

“அதை விடு. யோசனை என்னுதா, இல்லையா?”

“உங்களுதுதான். கிளியும் உங்களுதுதான். கையோட கூட்டிட்டுப் போயிருங்க.”

அப்படிப்பட்டவருக்கும் ஒரு கவலை இருந்தது. அவருடைய சொந்தத்தில் ஒரு கண் நோய் உண்டு. முதலில் பொழுது சாய்ந்தால் பார்வை மங்கும். வயது ஏற ஏறப் பகலிலும் போய்விடும். அக்கா மகளையும் மாமன் மகளையுமே கட்டிக் கட்டி, அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அவருடைய அண்ணன் சுவரைத் தடவித்தான் நடக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. பத்தாவது படிக்கும் மகள் கயல் அப்பாவுக்குக் காபி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளர் அவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, காற்றிடம் நீண்டது. அவர் சத்தமில்லாமல் எழுந்து, டம்ளர் இருந்த பக்கம் போய் நின்று வாங்கிக்கொண்டார்.

பிறகு மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. நோய்க்குக் காரணமான மரபணுவைத் தேட, சொந்தம் முழுவதின் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டரம்மா. சொந்தம் மொத்தமும் கூடுவது சிவராத்திரிக்கு மறுநாள், குச்சனூர்ப் பக்கம் உள்ள குலசாமி கோயில் கிடாவெட்டில்தான். அங்கேயே வரச் சொன்னார்கள். எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். பேட்டன்ட்காரர் மட்டும் கையை நீட்டவில்லை. ஊசி, மிஷின் என்று எது வந்தாலும் அவர் தொடங்காமல் மற்றவர்கள் தொடங்க மாட்டார்கள்.

“டாக்டரம்மா, எங்க ரத்தத்தை வச்சு மருந்து கண்டுபிடிச்சா பேட்டன்ட் வாங்குவீகளா?”

“உங்க ரத்தத்துல இருக்கிற மரபணுவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா அதை வச்சுச் செய்யிற மருந்துக்கு வாங்கலாம். வாங்குவாங்க.”

“அப்புறம் அவய்ங்க வச்சதுதான் விலை.”

“ஆமாங்க. ஆனா பேட்டன்ட் கிடைக்காதுன்னா மருந்து செய்யப் பணம் போட ஆளே வராது. பொய் சொல்லி நான் ரத்தம் எடுக்க மாட்டேன்.”

கறிச்சோற்றுக்கு வந்திருந்த தங்கராசு சும்மா இருப்பாரா? “என்னண்ணே, கிளிக்கு ஒரு நியாயம், கண்ணுக்கு ஒரு நியாயமா?”

முதலாளி மகள் பக்கம் திரும்பினார். கயல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் கொடுக்காவிட்டால் மகளுக்கு மருந்தே வராது. கொடுத்தால், வருகிற மருந்து அவள் கைக்கு எட்டுமா, தெரியாது.

பக்கத்தில் தேக்கு இலைகளில் கறியைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு கூறு. வராதவர்களுக்கும் எடுத்து வைப்பார்கள். அவர் டாக்டரம்மாவை அங்கே கூட்டிப்போனார்.

“இங்கன பாருங்க. கிடா வெட்டுனவருக்குத் தலை. அது அவுக உழைப்பு, யாரும் பங்கு கேக்க மாட்டோம். மருந்து செஞ்சவுகளும் தலையை எடுத்துக்கிறட்டும். ஆனா எங்க ஆளு ஒருத்தர்கூடக் கூறு இல்லாம வெறுங்கையோட போகக்கூடாது. இதை உங்க பேப்பர்ல எழுதுங்க.”

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். “சோதனை முடிவை எல்லாருக்கும் இலவசமாச் சொல்றோம்னு இப்பவே எழுதித் தர்றேன். மருந்துக்கு, நீங்க சொன்னதை அப்படியே கோரிக்கையா மேல அனுப்புறேன். கிடைக்கும்னு உறுதி சொல்ல என்னால முடியாதுங்க.”

“தலையைப் பத்தியும் மறக்காம எழுதுங்க,” என்று பேட்டன்ட்காரர் கையை நீட்டினார். ஊசி ஏறும்போது மகளைப் பார்த்துச் சிரித்தார்.

கடைசியில், ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத ஆள் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் கூச்சத்தோடு கையைத் தூக்கினேன். பேட்டன்ட்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

“இவனா சம்பந்தமில்லாதவன்? யாரு சொன்னது?”

“ரத்தத்துலதாங்க,” என்றார் டாக்டரம்மா.

“அப்ப ரத்தத்துல மட்டும்னு எழுதுங்க.”

திரும்பும்போது என் கையிலும் ஒரு தேக்கு இலைப் பொட்டலம் இருந்தது.

கிளி விரட்டியில் பழைய எழுத்தை அழித்துவிட்டு, ‘யாரும் செய்துகொள்ளலாம், யோசனை மட்டும் என்னுடையது’ என்று எழுதி வைத்திருக்கிறார். யாரும் செய்துகொள்ளவில்லை.

மருந்து இன்னும் வரவில்லை. வந்தால் எனக்கும் ஒரு கூறு எடுத்து வைத்துவிடுவார். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர்.