கணவர் பெயர் என்ற கட்டத்தில் நான் எழுதியது

அன்பும் பொறுமையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் பெண்ணும் நலம். உங்கள் அக்காவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனியாக நடந்துகொள்கிறது. அங்கே நீங்களும் வீட்டம்மாவும் குழந்தைகளும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் பதினோரு குரல் செய்தி வந்திருக்கும். விஷயம் நல்ல விஷயம்தான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் முப்பத்து நாலு வருஷம் பத்திரம் எழுதியவன், எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. ஆகையால் தயவுசெய்து கடைசிப் பக்கத்துக்குத் தாவ வேண்டாம்.

பெண்ணின் பட்டமளிப்பு விழாவுக்கென்று நாங்கள் வந்து இறங்கியபோது அவளுடைய மாணவர் அனுமதி முடிய எழுபது நாள் இருந்தது. படிப்பு முடிந்த பிறகு இங்கே தங்க என்னென்ன வழி உண்டு என்று நீங்கள் விசாரித்து அனுப்பினீர்களே, அதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று பேருமாக அலசினோம். மறுபடி ஒரு படிப்பில் சேர்ந்துவிடு, மாணவர் அனுமதி தானாக நீளும் என்றீர்கள். "இன்னும் படிச்சா இதுவரைக்கும் படிச்சது மறந்துடும்பா" என்றுவிட்டாள். வேலை கொடுப்பவரே பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது என்றீர்கள். அவள் பயிற்சி எடுத்த காது மருத்துவமனை டாக்டரம்மா அதற்கும் தயார்தான், ஆனால் இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று நிரூபிக்க மாதக்கணக்கில் விளம்பரம் போட வேண்டுமாம்; போட்டுப் பார்த்ததில் ஒரே ஒருத்தர் விண்ணப்பித்தாராம், அவர் மாட்டு வைத்தியராம். மாட்டுக்கும் காது இருக்கிறதே என்று கேட்டாராம். மூன்றாவதாக, குடியுரிமை உள்ள ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் பிரச்சினையே இல்லை என்று சொல்லி, உங்க சிநேகிதரோட அக்கா மகன், ரெண்டு மாடி வீட்டுக்காரர், அவரோட ஜாதகத்தையும் கையோட அனுப்பினீங்க பாருங்க, அங்கதான் பொண்ணு எழுந்து கையைக் கழுவப் போயிட்டா. சாப்பாடு அப்படியே இருந்தது.

கடைசியில் அவளே முடிவு பண்ணினாள். படிப்பை முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம் வேலை அனுமதி தருகிறார்கள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் தருவார்கள், அதற்கு விண்ணப்பிக்கிறேன். கிடைத்தால் டாக்டரம்மாவிடம் வேலை, கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு உங்களோடு வந்துவிடுகிறேன் என்றாள். வந்துவிடுகிறேன் என்று சொல்லும்போது குரல் என்னமோ போல ஆயிடுச்சு மச்சான். அவளுக்கு அந்த வேலை மேல உசுரு. ஒருநாள் பயிற்சியில ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்குக் காதுல கருவி மாட்டி விட்டிருக்கா, மனுஷன் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுட்டு அந்த அறையையே ஆறு தடவை சுத்திச் சுத்தி நடந்தாராம், உட்காருங்கன்னு சொன்னா உட்காரவே மாட்டேங்கிறாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா, சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைக்கிறா. இப்படிப்பட்ட பொண்ணை மூட்டை கட்ட வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கே மனசுல தீர்மானம் பண்ணிட்டேன். வந்த வினையே அந்தத் தீர்மானம்தான்.

இருபத்திரண்டு பக்க விண்ணப்பம். கம்ப்யூட்டர்ல அடிச்சு, காகிதத்துல எடுத்து, கடைசிப் பக்கத்துல கையெழுத்தும் போட்டு, உறையை ஒட்டாம மேசை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனா. நான் சும்மா ஒரு பார்வை பார்க்கலாம்னு எடுத்தேன். எடுத்தா, ஐயோ மச்சான், பதினேழு கட்டம் காலி! கீழே கையெழுத்து, மேலே காலி இடம்! எங்க தொழில்ல இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கையெழுத்துக்கு மேல காலி இடம் விட்டா, நாளைக்கு எவன் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் எழுதிக்கலாம். கோடு போடணும், இல்லேன்னா நிரப்பணும். என் கைபட்ட பத்திரம் ஒண்ணு, ஒரே ஒண்ணு, திரும்பி வந்ததா சரித்திரம் உண்டா? எழுதினதை நான் திரும்பப் படிக்கிற வழக்கம்கூட இல்லை, அப்படியொரு கை. பேனாவை எடுத்தேன். வேறு பெயர்கள் இருந்தால் எழுதவும்னு இருந்தது. வீட்டுல கூப்பிடற "பொட்டுக்கடலை"யை எழுதினேன். நாட்டை விட்டுத் திரும்பிச் செல்ல உத்தேசித்துள்ள தேதின்னு இருந்தது. "பெரியவர்களுடன் கலந்து பேசி முடிவு செய்யப்படும்"னு எழுதினேன். மத்ததுக்கெல்லாம் கோடு போட்டுக்கிட்டே வந்தவன் கணவர் பெயர்ங்கிற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்னுபோச்சு. கோடு போட்டா என்ன அர்த்தம்? என் பொண்ணுக்குக் கல்யாணமே கிடையாதுன்னு பெத்த அப்பனே சர்க்காருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடாதா? உங்க ரெண்டு மாடிக்காரர் ஞாபகம் வந்தது. இந்த ஊர்ச் சர்க்கார் பாஷையிலயே, முத்து முத்தா, "பேச்சுவார்த்தை நடைபெற்று வருகிறது"ன்னு எழுதி, உறையை ஒட்டி, நானே போய்த் தபால்லயும் சேர்த்துட்டு வந்தேன். அப்பா எவ்வளவு ஒத்தாசைன்னு பொண்ணு காபி போட்டுக் கொடுத்தா. குடிச்சேன்.

அனுமதி முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறப்போ கடுதாசி வந்தது. விண்ணப்பத்தில் சில பதிவுகள் குறித்து நேரில் விளக்கமளிக்கவும், விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் நிராகரிக்கப்படும்னு. கூடவே அந்த மூணு பக்கத்தோட நகலையும் வெச்சிருந்தாங்க. பொண்ணு படிச்சா. என்னைப் பார்த்தா. திரும்பப் படிச்சா. "பொட்டுக்கடலையா?"ன்னா. அப்புறம் அடுத்த பக்கத்தைத் திருப்பினவ முகம் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. உங்க அக்கா சும்மா இருப்பாங்களா? "முப்பத்து நாலு வருஷமா ஊரான் சொத்துல எழுதினது போதலையா, பெத்த பொண்ணு தலையெழுத்தையும் நீங்கதான் எழுதணுமா?"ன்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது. ரெண்டு நாள் பேனாவையே தொடலை. அந்த டாக்டரம்மா வேற போன் பண்ணி, அனுமதி முடியற தேதி வரைக்கும்தான் இடத்தை வெச்சிருக்க முடியும், அதுக்கப்புறம் வேற ஆள்தான், மாட்டு வைத்தியர் இன்னமும் கேட்டுக்கிட்டு இருக்கார்னு சொல்லிட்டாங்க.

இந்த நேரத்துல கைகொடுத்தது யாருன்னா நம்ம ஸ்க்ரூ தம்பிதான். முன்னாடி எழுதினேனா தெரியலை, அந்த மருத்துவமனையில காதுக் கருவி பழுது பார்க்கிற பையன், சட்டைப் பையில எப்பவும் நாலு ஸ்க்ரூடிரைவர் வெச்சிருப்பான், இந்த ஊர்க்காரன்தான். தங்கமான பிள்ளை மச்சான். நாங்க வந்த முதல் வாரம் குளியலறைக் கதவு சரியா மூடலைன்னு வந்து சரி பண்ணிக் கொடுத்தான், அடுத்த வாரம் அதே கதவை மறுபடி வந்து பார்த்தான், அதுக்கடுத்த வாரம் கதவு நல்லாத்தான் இருந்தது, இருந்தாலும் வந்தான். பொறுப்புன்னா அது பொறுப்பு! வந்த புதுசுல "வணக்கம்" மட்டும் சொல்லுவான், இப்ப "சாப்பிட்டீங்களா மாமா"ங்கிறான். இந்த ஊர்ப் பசங்களுக்கு மத்த பாஷை மேல இருக்கிற ஆர்வம் நம்ம பசங்களுக்கு வருமா சொல்லுங்க. நேர்காணல் அன்னைக்கு அவனே லீவு போட்டு, அவன் கார்லயே எங்களைக் கூட்டிட்டுப் போனான். எங்களைவிட அவனுக்குத்தான் பதற்றம். ரெண்டு தடவை வழியைத் தப்பவிட்டான். பாவம், பிறத்தியார் கஷ்டத்தைத் தாங்கமாட்டாத மனசு.

உள்ளே ஒரு கண்ணாடிக்காரம்மா அதிகாரி. எழுதினது நான்தான்னு பொண்ணு சொன்னதும் என்னையும் உட்கார வெச்சாங்க. இந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம்னு கேட்டாங்க. நான் எழுந்து நின்னு, "அம்மா, என் தொழில்ல காலி இடம் விட்டா வேற யாராவது வந்து நிரப்பிடுவாங்க. அந்தப் பயத்துல நிரப்பிட்டேன். தப்பு என்னோடது, அவ பேருல ஏத்தாதீங்க. அவ படிச்ச படிப்பு அவளோடது, வேலை அவளோடது. வேணும்னா என்னைத் திருப்பி அனுப்பிடுங்க, நான் எப்படியும் வர்ற மாசம் போறவன்தான்"னேன். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. சிரிக்கிறாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. இந்த அனுமதிக்குக் கல்யாணம் ஆச்சா ஆகலையாங்கிறது ஒரு பொருட்டே இல்லை, சொன்னது உண்மையான்னுதான் எங்களுக்குத் தெரியணும்னு சொல்லி, பொட்டுக்கடலையை அடிச்சாங்க, பெரியவர்களுடன் கலந்து பேசியதை அடிச்சாங்க. பொண்ணுகிட்ட, "இந்தப் பேச்சுவார்த்தை? இதையும் அடிச்சிடலாமா?"ன்னாங்க. மச்சான், கேளுங்க, என் பொண்ணு ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அப்புறம் சின்னக் குரல்ல, "அது இருக்கட்டும்"னா! அப்பா எழுதினது முழுக்கப் பொய்னு ஆகிடக் கூடாதுன்னு அந்த இக்கட்டுலயும் என் மானத்தைக் காப்பாத்தினா பாருங்க! எனக்கு அங்கேயே கண்ணு கலங்கிடுச்சு. பத்து நாள் மூணு பேரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தோம். அனுமதி முடிய நாலே நாள் இருக்கிறப்போ, நேத்துக் காலையில, வந்துடுச்சு மச்சான்! ரெண்டு வருஷம்! முத்திரையோட! உங்க அக்கா முழங்காலை மறந்துட்டுக் குதிச்சாங்க. ஸ்க்ரூ தம்பி வாசல்ல நின்னவன் அப்படியே உட்கார்ந்துட்டான், எழுப்ப ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆகவே இதன்மூலம் தெரிவிப்பது என்னவென்றால், பெண் தன் சொந்தப் படிப்பில் சொந்தக் காலில் நிற்கிறாள். கல்யாணப் பேச்சு இன்னும் இரண்டு வருஷத்துக்கு எடுக்க வேண்டாம். இரண்டு மாடிக்காரரிடம் பக்குவமாகச் சொல்லி ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேச்சுவார்த்தை ஒன்றும் நடக்கவில்லை, இனி யாருடைய கட்டத்தையும் நான் நிரப்பப் போவதும் இல்லை. வீட்டம்மாவுக்கு என் விசாரிப்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, விண்ணப்பங்களைத் தாங்களே எழுதும் அளவுக்கு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
பேனாவைக் கீழே வைத்துவிட்ட
அத்தான்

பி.கு: கீழே நாலு விரல் அகலத்துக்கு இடம் காலியாக் கிடக்கு. கையெழுத்துக்குக் கீழேன்னாலும் மனசு கேட்கலை. பொண்ணுகிட்ட கொடுக்கிறேன், அவ கைப்பட உங்களுக்கு ஒரு வணக்கம் எழுதி நிரப்பட்டும். நான் போய்ப் பசை தேடறேன்.

மாமா, வணக்கம். இடம் கொஞ்சம்தான், அதனால நேரா சொல்லிடறேன். அப்பா அந்தக் கட்டத்துல எழுதினது பொய் இல்லை. ஒன்பது மாசமா நடந்துக்கிட்டிருக்கு. ரெண்டு மாடிக்காரரோட இல்லை. குளியலறைக் கதவுல எந்தக் கோளாறும் இருந்ததில்லை. அம்மாவுக்கு முதல் வாரமே தெரியும். அதிகாரி அம்மா கேட்டப்போ என்னால பொய் சொல்ல முடியலை, அப்பா முகத்தைப் பார்த்து உண்மையையும் சொல்ல முடியலை. எழுதினதை அப்பா திரும்பப் படிக்கிற வழக்கம் இல்லை, இதோ பசையோட வந்துக்கிட்டே இருக்கார். அதனால அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும் மாமா, பக்குவமா.