காசியம்மாள் கால் வைக்க ஒரு ஃபுட்ரெஸ்ட்

வேங்கிக்கால்,
2.9.1996

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை முருகவேல் அவர்களுக்கு, மாமன் சக்கரபாணி எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உங்கள் மாமியார் காசியம்மாளும் சௌக்கியம். ஓசூரில் நீங்களும் மணிமொழியும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தாங்கள் மாற்றலாகிப் போகும்போது விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிளும் சௌக்கியமே. அதை மட்டும் சற்று விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

போன வாரம் வண்டி ஸ்டாண்டு நழுவி இடப்பக்கம் சாய்ந்ததில், பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் தரையைப் பார்த்து வளைந்துவிட்டது. அது தெரியாமல் கால் வைத்த உங்கள் மாமியார் வழுக்கி, செருப்பைச் சைலன்சரில் ஊன்ற, செருப்பு பாதி உருகிப் போயிற்று. "இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேங்க. ஞாயித்துக்கெழம நான் பஸ்ல போய்க்கிறேன், நீங்க தனியா வாங்க" என்று சொல்லிவிட்டாள். அடி அண்ணாமலையில் அவள் தங்கை அருணாதேவியின் பேத்திக்குக் காதுகுத்து. கல்யாணமான முப்பது வருடத்தில் ஒரு விசேஷத்துக்கும் நாங்கள் தனித்தனியாகப் போனதில்லை மாப்பிள்ளை. மெக்கானிக் முருகையனோ ஊரில் இல்லை. சர்வேயராக இருந்து ஏரி, குன்று எல்லாம் அளந்தவனுக்கு ஒரு போல்ட்டு பெரிதா என்று நானே உட்கார்ந்தேன்.

துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு பொழுது ஊறவைத்து, ஸ்பேனர் மேல் ஏறி நின்றதும் கழன்றது. சைலன்சரையும் அதே போல்ட்டுதான் பிடித்துக்கொண்டிருந்தது என்பது, சைலன்சர் என் கால் கட்டைவிரலில் இறங்கிய பிறகு தெரிந்தது. வளைவை நிமிர்த்த, கழற்றிய ஃபுட்ரெஸ்டை வெந்நீர் அடுப்பு நெருப்பில் வைத்துக் காய்ச்சினேன், ஆனால் அதன் மேலிருந்த ரப்பரைக் கழற்ற மறந்துவிட்டேன். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு ராமகிருஷ்ணன் ஓடி வந்து, "என்னா சார், டயரு கொளுத்துறீங்களா?" என்றார். சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தி, புது ரப்பரைச் சோப்புத் தண்ணீர் போட்டு ஏற்றி மாட்டினால், மேலே மடங்க வேண்டியது கீழே தொங்குகிறது. தலைகீழாக மாட்டியிருக்கிறேன். மறுபடி கழற்றி, மறுபடி கட்டைவிரல்.

ஆனாலும் நேற்றுக் காலை உங்கள் மாமியார் பட்டுப்புடவையோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். போக வர ஒரு குறையும் இல்லை. பின்னால் பூக்கூடை வைத்ததுபோல அசையாமல் வந்தாள். காதுகுத்து வீட்டில் நாலு பேரிடம் நான் செய்த வேலையைச் சொன்னேன், ஐந்தாவது ஆளிடம் அவளே சொன்னாள். மனசு நிறைந்துவிட்டது. ஆகையால் வண்டியைப் பற்றிக் கவலை வேண்டாம், என்னிடமே இருக்கட்டும்.

அடுத்த பௌர்ணமிக்கு இருவரும் வாருங்கள். கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி இருக்கும், முதல் நாளே வந்துவிடவும். மணிமொழிக்கும் தங்களுக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமன்,
சக்கரபாணி

பி.கு.: உறையில் போடுமுன் இதைக் காசியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "போக வர அதும்மேல நான் காலே வெக்கலீங்க. தூக்கிக்கினேதான் வந்தேன். அவ்ளோ பாடுபட்டு செஞ்சீங்க, சொன்னா மனசு ஒடிஞ்சிடுவீங்கன்னு சொல்லல" என்கிறாள். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். முருகையன் புதன்கிழமை வருகிறாராம்.