மேனேஜரின் ரத்தத்தில் ஏறிய சுண்ணாம்புச் சத்து

நடுக்கடலில் இருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் கப்பல் இயந்திரங்களும் சௌக்கியம்தானே? இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன நாய், என் தையல் கடையில் எல்லோரையும் அதட்டியே மேனேஜர் என்று பேர் வாங்கியவன், கொஞ்ச நாளாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். வெயில்தானே என்று இருந்துவிட்டேன். குடித்ததையெல்லாம் வெட்டுமேசைக்கு அடியிலேயே விட்டான், அங்கே கிடந்த வக்கீல் கோட்டு நனைந்தது, கறுப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்குத் தெரிந்துவிட்டது, வக்கீல் "என்னய்யா தையல் இது?" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே இவன் சாப்பாட்டை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள, பின்னங்கால் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிட, அளவு டேப் கழுத்தில் தொங்கத் தொங்க அவனைத் தூக்கிக்கொண்டு உங்கள் அத்தையோடு நாய் டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "கால்சியம் ரொம்ப ஏறியிருக்குங்க" என்றார்.

எனக்குப் போன உயிர் வந்தது. "நல்லதுதானே டாக்டர், எலும்பு கெட்டியாகும்ல?"

"எலும்புல இருக்கவேண்டியது ரத்தத்துக்கு வந்திருக்கு. அதான் இவ்ளோ தாகம், இவ்ளோ சோர்வு."

உங்கள் அத்தை என் பக்கம் திரும்பினாள். "நீங்க கிண்ணம் கிண்ணமா பால் ஊத்துனீங்களே, அதான்!"

மாப்பிள்ளையின் நாயை நானே ஊட்டிக் கொன்றுவிட்டேன் என்று அங்கேயே அழுதுவிட்டேன். "பாலுக்கெல்லாம் இப்படி ஏறாதும்மா" என்று டாக்டர் ஸ்கேன் எடுத்தார். வலது சிறுநீரகத்தில் கட்டி. அது எதையோ சுரந்து எலும்பிலிருக்கும் சத்தை உருவி ரத்தத்தில் கொட்டுகிறதாம். விட்டால் நல்லாயிருக்கும் சிறுநீரகமும் கெடும், இதயமும் தாறுமாறாக அடிக்கும். கட்டி உள்ள சிறுநீரகத்தையே எடுத்துவிட்டால் கால்சியம் இறங்கும், ஆனால் மயக்கத்திலேயே போய்விடவும் கூடும் என்கிறார். இப்போதைக்கு சலைன் ஏறுகிறது. நான் கிட்டே போனால் வால் நுனி மட்டும் அசைகிறது. பார்க்க முடியவில்லை.

துணியில் கத்தரி வைக்கவே பயப்படுகிறவன் நான். ஓர் உயிரை அறுக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உங்கள் நாய், நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும். அடுத்த துறைமுகத்தில் கடிதம் கைக்கு வந்ததும் பதில் போடுங்கள். அதுவரை அவன்மேல் ஒருத்தரையும் கத்தி வைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

அலை அடங்கி, காற்று நல்லபடி வீசி, நீங்கள் பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மாமனார்.

பி.கு.: மேலே உள்ளதை மறந்துவிடவும். நான் எழுதிக்கொண்டிருந்தபோதே உங்கள் அத்தை, "நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள அது செத்துடும்" என்று போய்ச் சம்மதம் சொல்லிவிட்டாள். கட்டி வெளியே வந்துவிட்டது. கால்சியமும் இறங்கிவிட்டது. வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று இன்னும் பார்க்க வேண்டுமாம், அந்தப் பயம் பாக்கியிருக்கிறது. இன்று ஆசையாகத் தடவப்போன என் விரலைக் கடித்துவிட்டான். கையெழுத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம், இடது கையால் எழுதுகிறேன். சந்தோஷமாக இருக்கிறேன்.