மாப்ள பேனலுக்கு இட்ட விபூதிப் பட்டை

வடக்குக் கூரைப் பதிவேடு.
ஆயுதபூஜைக்கு முதல் நாள், பிற்பகல் 3.40. வானம் தெளிவு. மூன்று வகை சோலார் பேனல்களிலும் பகுதி நிழல் சோதனை தொடங்கியது, ஆய்வாளரின் உத்தரவுப்படி.
நான்காம் நாள், காலை 9.10. சோதனை முடிந்தது. பேனல்கள் கழுவப்பட்டன.

இப்பதிவின் வாக்கியங்களில் 'ஆய்வாளரின் உத்தரவுப்படி' என்ற இரண்டு சொற்கள் மட்டும் பொய். எழுதியவன், அந்த ஆய்வாளரான நான். எழுத வைத்தவர், ஒரகடம் தொழிற்பேட்டை முழுவதிலும் சூரியனையே குறைசொல்லும் தகுதி பெற்றிருந்த ஒரே மனிதர். அவர் பெயர் ஜுரம்.

இயற்பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் பயன்படுத்தியதில்லை. "ஜுரம் வந்துட்டாரா?" என்று வாசலில் காவலாளி கேட்பதைச் செவியுற்ற புதிய ஊழியர்கள் முகக்கவசம் தேடியதுண்டு.

தொழிற்சாலையின் முழுக் கூரைக்கும் எந்த வகை பேனல் வாங்கலாம் என்று முடிவெடுப்பதற்காக, மூன்று வகைகளை வடக்குக் கூரையில் பொருத்தி ஓராண்டு ஒப்பிடும் பணிக்கு என்னை அமர்த்தியிருந்தார்கள். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியன். ஜுரம் அந்தப் பேனல்களைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி, பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரர். என்னிடம் நான்கு வெப்பமானிகள் இருந்தன. அவரிடம் ஒரு புறங்கை இருந்தது. குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல் அதைப் பேனலின் அடிப்பக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, "இதுக்கு ஜுரம் சார்" என்பார். என் கருவிகள் அதே தீர்ப்பைச் சற்றுத் தாமதமாக வழங்கும்.

மூன்று வகைகளுக்கும் அவர் உறவுமுறை வைத்திருந்தார். நீல நிறப் பழைய வகை, 'பெரிசு'. கன்னங்கரிய, விலை உயர்ந்த புதிய வகை, 'மாப்ள'. கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசிய மூன்றாம் வகை, 'சித்தப்பா'.

"மாப்ள காலைல ஆடுற ஆட்டத்தப் பாரு சார். உச்சி வெயில் வந்தா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு குந்திடுவாரு. ஆனா கோவத்துலயும் பெரிசவிட நெறையத்தான் தராரு. சித்தப்பா வேற ஜாதகம். எடம் நெறையாக் கேப்பாரு, கம்மியாத் தருவாரு. ஆனாக்கா வெயிலப் பாத்து மொறைக்க மாட்டாரு."

என் இடைக்கால அறிக்கை இதையே பன்னிரண்டு பக்கங்களில் கூறியது. வரைபடங்கள் மட்டும் என்னுடையவை.

பேனல்களின் சான்றிதழ்கள் எல்லாம் இருபத்தைந்து டிகிரி வெப்பத்தில் அளந்து வழங்கப்படுபவை என்று ஒருமுறை அவருக்கு விளக்கினேன்.

"இருவத்தஞ்சா? நம்ம கம்பெனில அது எம்.டி. ரூம்ல மட்டும்தான் சார் கீது. பேனல அங்கியே மாட்டிடலாமா?"

சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில் நான் கூரையேறியபோது, மாப்ளயின்மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சோலார் பேனலுக்குக் குடை!

"அஞ்சே நிமிசம் சார். லைன்ல நிக்கிற பசங்களுக்கு டீ டைம் குடுக்கறாங்கோ இல்ல?"

ஆயுதபூஜை வந்தது. முதல் நாளே கீழே இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணி உடைத்து, பொரி வழங்கி, மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். நான் வீட்டிலிருந்தபடி மடிக்கணினியில் கூரையின் மின் உற்பத்தியைக் கவனித்தேன். மாப்ளயும் பெரிசும் திடீரென்று படுத்துவிட்டார்கள். சித்தப்பா மட்டும் ஏறக்குறைய வழக்கம்போல் இருந்தார். மேகமில்லை, மழையில்லை. நுண்விரிசல், பற்றவைப்புக் கோளாறு, ஈரக்கசிவு என்று சாத்தியமான காரணங்களை ஆராய்ந்து, கரிய வகையை வாங்க வேண்டாம் என்று மேலாளருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். என் வாழ்நாளின் மிகக் கச்சிதமான கடிதங்களுள் அது ஒன்று.

நான்காம் நாள் காலையில் மேலாளருடன் கூரையேறினேன். ஒவ்வொரு பேனலின் குறுக்கேயும் முழ நீள விபூதிப் பட்டை. நடுவே உள்ளங்கை அகலச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

மேலாளர் திருநெல்வேலிக்காரர். "என்னவே இது? பேனலா, கோயில் யானையா?"

"வல்லக்கோட்டை கோயில் விபூதி சார்," என்றார் ஜுரம், அதுதான் கேள்வி என்பதுபோல். "கீழ ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு வெச்சாங்கோ. நாளெல்லாம் வெயில்ல நிக்கிற ஜீவனுங்க, இதுங்களுக்கு இன்னா கீது? அதான் நானே வெச்சேன்."

"கழுவச் சொன்னா கும்பாபிஷேகம் பண்ணி வச்சிருக்கீரு! இன்னையோட வீட்டுக்குக் கெளம்பும்."

ஜுரம் வாளியைக் கீழே வைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு கூரை கிடைக்காது. அது மூவருக்கும் தெரியும்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்," என்றேன். "பகுதி நிழல் சோதனை."

"அப்பொறம் ஏன் சார், பேனல் கெட்டுப்போச்சுன்னு மூணு பக்கம் எழுதினிய?"

"எழுதி முடித்த பிறகுதான், உத்தரவிட்டது நினைவுக்கு வந்தது."

மேலாளர் என்னை இரக்கத்துடன் நோக்கினார். "வயசாகுதுல்லா சார்," என்று மெல்லச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் நாற்பதாண்டுத் துல்லியம் அவர் செருப்போசையுடன் படியிறங்கியது.

ஜுரம் என் அருகில் வந்தார். "பொய் சொல்லிப் பழக்கம் இல்ல போல கீது. காது செவந்து போச்சு சார்."

பொய்யை மெய்யாக்கும் கடமை எனக்கு வந்தது. அந்த மூன்று நாள் அளவுகளை வைத்து, இறுதி அறிக்கையில் நிழலுக்கென்று ஓர் அத்தியாயம் எழுதினேன். மாப்ளயிலும் பெரிசிலும் செல்கள் வரிசையாகக் கைகோத்திருப்பவை. ஒன்று மூடப்பட்டால் அதன் வரிசையே தயங்கும். சித்தப்பாவின் செல்கள் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கீற்றுகள். குறுக்கே இட்ட பட்டை ஒவ்வொன்றிலும் சிறிதளவே மறைத்தது. நெடுக்காக நாமம் சாத்தியிருந்தால் அவரும் சாய்ந்திருப்பார். சைவம் காப்பாற்றியது. அறிக்கையின் மற்ற அத்தியாயங்களை யாரும் படிக்கவில்லை. இந்த ஒன்றை வைத்துத்தான் தண்ணீர்த்தொட்டி நிழல் விழும் பகுதிக்குச் சித்தப்பாவையும், எஞ்சிய கூரைக்கு மாப்ளயையும் வாங்கினார்கள். பாராட்டு எனக்கு வந்தது. மறுப்பதற்கு வழியில்லை, உத்தரவு என்னுடையதல்லவா?

இந்தக் கோடையில் ஜுரம் காலமானார். நெஞ்சுவலி. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில். அவருடைய இயற்பெயரைச் சேரப்பணஞ்சேரிச் சாலையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்தான் முதன்முதலாகப் படித்தேன். படத்துக்குக் கீழே போட்டிராவிட்டால் வேறு யாரோ என்று கடந்திருப்பேன்.

செய்யாமல் நிற்கும் பணிகள்:

பதிவேட்டில் 'ஆய்வாளரின்' என்பதை அடித்துவிட்டு, சுவரொட்டியில் கண்ட பெயரை எழுதுதல்.

மூன்றாம் வெப்பமானியை மாற்றுதல். அது பழுதாகி ஓராண்டுக்கு மேலாகிறது, இதுவரை தேவைப்படவில்லை.

மாப்ளயின் அலுமினியச் சட்டத்து மூலையில் காய்ந்திருக்கும் சந்தனத்தைத் துடைத்தல். நிழல் விழாத இடம். அவசரமில்லை.