ஏப்ரலில் நட்சத்திரம் தொங்கிய மாமரம்

பூங்கனி கேட்டைத் திறந்தாள். திறந்த கை அப்படியே நின்றுவிட்டது. முற்றம் முழுக்க வெயில். கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷத்தில் அந்த முற்றத்தில் வெயில் விழுந்ததே கிடையாது.

மாமரத்தைக் காணோம்.

மூன்று நாள் சபைக் கன்வென்ஷனுக்குப் போகும்போது, மரம் வெட்டும் ததேயுஸிடம் அவள் சொல்லிவிட்டுப் போனது மதிலோரம் காய்ந்து நின்ற அயனி மரத்தை வெட்டத்தான். அயனி அப்படியே நின்றது. பக்கத்தில் மாமனார் நட்ட செங்கவருக்கை மாமரம் வெறும் அடிக்குற்றியாக இருந்தது. வெட்டிய தடியைக்கூடக் கொண்டுபோய்விட்டான்.

"மாறிப் போச்சு அக்கா," என்றான் ததேயுஸ் போனில். "தெரியாம வெட்டிட்டேன்."

"காய்ஞ்ச மரமும் காய்க்கித மரமும் தெரியாதாலே ஒனக்கு?"

அவன் போனை வைத்துவிட்டான்.

பூங்கனி குற்றிமேலேயே உட்கார்ந்தாள். கணவர் நேசையன் மஸ்கட்டில். போன லீவில் அவர், "கார் எடுத்தா எங்கட்டி விட?" என்று கேட்டபோது, "ரோட்டுல விடுங்க. ஒங்க அப்பா நட்ட மரத்துல கை வைக்க விடமாட்டேன்" என்று வீராப்புப் பேசியவள் அவள்தான். இப்போது எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்கு ஞாயிறு வேறு. ஆராதனை முடிந்து வந்ததும் மாமரத்தடியில் நின்று ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவது வழக்கம். ஒரு வாரம் தவறினால் பத்துத் தடவை கூப்பிடுவார். அவர் தங்கியிருக்கும் கேம்பில் வீடியோ கால் எடுக்காது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பக்கத்து வீட்டு ரெனிஷா கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். "இதுக்கா அக்கா கெடந்து கரையுதீங்க? மரந்தானே, நான் வச்சுத் தாறேன்" என்றாள். மறுநாள் போனை வாங்கி, டிசம்பரில் எடுத்த போட்டோவிலிருந்து மரத்தை வெட்டிப் பூங்கனியின் பின்னால் ஒட்டினாள். அசலைவிட லட்சணமாக நின்றது. அனுப்பியாயிற்று.

ஒரே நிமிஷம். நேசையன் கூப்பிட்டார்.

"ஏட்டி, மரம் நிக்கா?"

இந்த மனுஷன் ஒரு நாளும் மரத்தை விசாரித்ததில்லையே!

"நிக்கி. பின்ன எங்க போவும்?"

"அதுல என்னமோ தொங்குதே?"

பார்த்தாள். உச்சிக்கிளையில் கிறிஸ்மஸ் நட்சத்திரம். மாதமோ ஏப்ரல்.

"கழட்ட மறந்துட்டோம்."

"லைட்டும் எரியுதே!"

"அணைக்கவும் மறந்துட்டோம்."

மறுவாரம் ரெனிஷா நட்சத்திரத்தை விரலால் தடவி அழித்தாள். அந்த ஆப் லேசுப்பட்டதல்ல; காலியான இடத்தைத் தானாகவே நிரப்பியது. இலையால் அல்ல, செக்கச்செவேலென்று கொத்துக்கொத்தாகப் பழத்தால். அடுப்பில் கறி கிடந்த அவசரத்தில் பூங்கனி அதைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டாள்.

"காய்ச்சும் கெடக்கா?" நேசையனின் குரல் நடுங்கியது. "நல்லாப் பாத்துச் சொல்லு. மரம் நிக்கி, அதுல பழமும் கெடக்கு?"

"கெ... கெடக்கு."

"வேரோடதான நிக்கி?"

"வேரில்லாம நிக்குமா?"

அப்பன் நட்ட மரத்தை நினைத்து உருகுகிறாரே என்று பூங்கனிக்குப் பாவமாக இருந்தது.

"செரி. எங்கூட வேல பாக்குத எபிசன் லீவு முடிஞ்சு புதன்கிழம இங்க வாறான். அவன்கிட்ட பத்துப் பழம் குடுத்து விடு. எனக்குக் கண்ணால பாக்கணும்."

வடசேரிச் சந்தை முழுக்க அலைந்து பத்து செங்கவருக்கை பொறுக்கினாள். நம்பிக்கைக்கு இருக்கட்டும் என்று ரெனிஷா வீட்டு மாமரத்தில் நாலு இலையும் பறித்துப் பையில் போட்டாள்.

வியாழக்கிழமை போன் வந்தது.

"தின்னேன்," என்றார் நேசையன். "நம்ம மரத்துக்க பழமேதான்." குரல் கம்மியிருந்தது. "அந்தப் பய... செரி, நான் பாத்துக்கிடுதேன்."

வைத்துவிட்டார்.

எந்தப் பய? யாரும் சொல்லிக் கொடுத்துவிட்டார்களோ? பூங்கனிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சந்தைப் பழத்தைத் தின்றுவிட்டு நம்ம மரத்துப் பழம் என்று தழுதழுக்கிற மனுஷனை இனியும் ஏமாற்றினால் கர்த்தருக்கே அடுக்காது. வருகிறது வரட்டும், உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று சனிக்கிழமை காலை போனை எடுத்தாள்.

கேட் திறந்தது. ததேயுஸ். தோளில் மெஷின் வாள், கையில் வடம். குற்றியைப் பார்த்தான். அதைச் சுற்றி ஒரு நடை வந்தான். அண்ணாந்து, வெறும் வானத்தைப் பார்த்தான்.

"இனி எந்த மரத்தலே வெட்ட வந்திருக்க?" என்று சீறினாள் பூங்கனி.

ததேயுஸ் வாளை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, நீங்க இல்லாத நேரம் பாத்து கார் ஷெட்டுக்காக இந்த மரத்த வெட்டச் சொன்னதும், கேட்டா மாறிப் போச்சுன்னு சொல்லச் சொன்னதும் ஒங்க வீட்டுக்காரராக்கும், இப்ப, மரம் நிக்கி, பழமும் தின்னாச்சு, ஒழுங்காப் போயி வெட்டுலேன்னு என்னக் கெடந்து ஏசுதாரு... எங்கதான் நிக்கின்னு கொஞ்சம் காட்டித் தாருங்க!"